வளைந்த அம்புக்குறி

என் மனைவியின் அண்ணன் ரவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நன்றாகப் படித்தவர். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கோலா குபு பாரு என்ற ஊருக்கு இந்தப் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். தோட்டத்துக்குப் பின்னால் பாறைகள் நிறைந்த ஒரு குன்று உண்டு. காலையில் அங்கே நடக்கப் போனவர், திரும்பி வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பாறையில் செதுக்கிய அம்புக்குறிகளின் படங்கள். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு வழி காட்டிக்கொண்டே போயின. கடைசிப் படத்தில், ஒரு வீடு அளவுக்குப் பெரிய பாறை. அதில் வளைந்த ஓர் அம்பு. அம்புக்கு மேலே உருண்டையாக ஏதோ ஓர் உருவம்.

"ஆமை, மாப்ள! யுத்த காலத்துல ஜப்பான்காரன் தங்கத்தப் பொதச்சா இந்த அடையாளந்தான் போடுவானாம். வீடியோல அக்குவேறா ஆணிவேறா சொல்றாங்க. அம்பு நேரா இருந்தா இன்னும் நடக்கணும். வளஞ்சிருந்தா அதுக்கு அடியில தோண்டணும்."

அந்த அம்புகளை வெட்டியவன் நான்.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். குன்றின் ஊற்றிலிருந்து தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய் புதைத்தோம். பலகையில் எழுதி நட்டால் கரையான் தின்றுவிடும் என்று எங்கள் வேலையை மேற்பார்த்த மண்டோர் என்னிடம் உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். அம்பு இருக்கும் இடத்தில் இரண்டடி ஆழத்தில் குழாய் போகிறது, இங்கே மண்வெட்டி போடாதே என்று அர்த்தம். பெரிய பாறைக்கு வந்தபோது மண்டோர் வேலையை நிறுத்தச் சொன்னார். குனிந்து பார்த்தால், அவ்வளவு பெரிய பாறையும் சரிவில் உருளாமல் அடியில் ஒரு சின்னக் கல்லின்மேல் முட்டிக்கொண்டு நின்றது. அதனால் குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனோம். அம்பும் வளைந்தது.

இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆமைதான் என் வாயைக் கட்டிவிட்டது. அது ஆமை இல்லை, மயில். ஊற்றுக்குத் துணி துவைக்க வரும் ஒரு பெண்ணின் கண்ணில் படட்டும் என்று நான் செதுக்கியது. அந்தப் பெண் இந்த மச்சானின் தங்கை. சில ஆண்டுகள் கழித்துப் பெரியவர்களே பேசி எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். "என் தங்கச்சிய நிமிந்துகூடப் பாக்காத பையன்" என்று மச்சான் என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வார். மயிலைப் பற்றி மனைவியிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை.

"மழைக்காலம் மச்சான், வேணாமே" என்று மட்டும் சொன்னேன். அவரும் சரி என்பதுபோல் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது, "அண்ணன் கடப்பாறையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிருக்கு" என்றாள் மனைவி. சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே எழுந்து ஓடினேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பெரிய பாறையின் அடியில் குழி தோண்டி, இடுப்புவரை உள்ளே நின்றுகொண்டிருந்தார் மச்சான். கடப்பாறையின் முனை அந்தச் சின்னக் கல்லின் அடியில் இருந்தது.

"வா மாப்ள, சரியான நேரத்துக்கு வந்த. இந்தக் கல்லு ஒண்ணுதான் மறைக்குது. நெம்பிட்டா முடிஞ்சிச்சி."

"தொடாதீங்க மச்சான். அந்தக் கல்லுமேலதான் பாறையே நிக்குது. வெளிய வாங்க. இது தண்ணிக் குழாய் போற வழி. அம்பெல்லாம் நான் வெட்டுனது."

"நீயா? போ லா."

குழியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து, அவர் பார்க்கும்படி பக்கத்துப் பாறையின் அம்புக்குக் கீழே வெட்டினேன். இரண்டடியில் கறுப்புக் குழாய் தெரிந்தது.

"சரி, குழாய் இருக்கு. ஆமை? ஆமையையும் தண்ணிக்கா போட்டீங்க?"

அவர் மறுபடி கடப்பாறையைப் பிடித்தார். கல்லைச் சுற்றி மண் உதிர்ந்தது.

"அது மயிலு மச்சான்! உங்க தங்கச்சிக்காகப் போட்டேன்!"

மச்சான் கடப்பாறையை விட்டார். குழிக்குள் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"கதை விடுற. இரு, அவளையே கேக்கிறேன்."

கேட்டார். கைப்பேசியிலிருந்து என் மனைவியின் குரல் சத்தமாக வந்தது.

"பெரிய பாறையிலயா? ஆமாண்ணே, அவருதான். நான் துணி தொவைக்க வர்ற நேரமாப் பாத்து ரெண்டு நாளு டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்கென்ன, தெரியாதா? ஆனா மயிலா அது? இத்தன வருசமா நான் ஆமைன்னுல்ல நெனச்சேன்!"

மச்சானுக்குச் சிரிப்புப் பீறிட்டது. பாறையில் கை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெளிய வந்து சிரிங்க மச்சான்" என்றேன். அழுகிற குரலில்தான் சொல்லியிருப்பேன். என் கையைப் பிடித்து ஏறி வந்தார். வந்தவர் கடப்பாறையை எடுக்கத் திரும்பிக் குனிந்தார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"அது கெடக்கட்டும், வாங்க லா!"

பெரியவர் என்றும் பார்க்காமல் அப்படிக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு பாறையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அது எதன்மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அடேயப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

மேட்டுப் பக்கம் தள்ளி நின்றுகொண்டு, தோண்டிப் போட்ட கல்லையும் மண்ணையும் குழிக்குள் தள்ளினோம். குழாயையும் மூடினேன். வேலை முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. பாறை அசையவில்லை.

"அவள நீ நிமிந்துகூடப் பாத்ததில்லன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே" என்றார் மச்சான்.

"பாறையத்தான் மச்சான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

இறங்கும்போது அவரை முன்னால் நடக்கவிட்டேன். பாறையின் அடியிலிருந்து தப்பி வந்த, சேறு அப்பிய அவருடைய இரண்டு கால்களும் வழுக்குப் பாதையில் மாறி மாறி விழுந்துகொண்டு போயின. வீடு வரைக்கும் நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.