நான்கு ஏக்கர் வெள்ளை மண்

என் அண்ணனை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘நேர்கோடு’ என்றுதான் சொல்வார்கள். டிராக்டரில் ஏறி வயலின் ஒரு முனையில் கலப்பையின் கொழுவை இறக்கினால், மறுமுனை வரும்வரை தூக்க மாட்டார். நடுவில் தூக்கினால் உழுசால் உடைந்துவிடும். உடைந்த சால், பாதியில் எழுந்து போன பேச்சு மாதிரி என்பார். இயந்திரத்தின் முனகலைக் கேட்டே கொழு எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று கூறிவிடுவார். அளவுகோலை வைத்துப் பதினொரு முறை சோதித்திருக்கிறேன். ஒரே ஒரு முறை அரை அங்குலம் தவறியது.

“அளவுகோலு வளைஞ்சிருக்கும், பாப்பா” என்றார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவருக்கு நான் எப்போதும் பாப்பாதான்.

அப்பா விட்டுச் சென்றது ஒரே தொடர்ச்சியான பத்து ஏக்கர். அதை நாங்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. உழவு அவருடையது, மண்ணைப் பார்ப்பது என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டாலும், பழைய புத்தகக் கடையிலும் வேளாண்மை அலுவலகத்திலும் கிடைத்த தாள்களைப் படித்து மண்ணைப் பற்றி அறிந்துகொண்டேன். எங்களுக்குள் பேச்சு குறைவு. உழ வேண்டிய எல்லையில் நான் குச்சி நடுவேன். அதைத் தாண்டி அவர் போக மாட்டார். என் முடிவு மாறினால் குச்சியைப் பிடுங்கிவிடுவேன். அவர் தொடர்ந்து உழுவார். இருபது ஆண்டுகள் இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் நேர்ந்ததில்லை.

கீழ்ப்புறம் இருந்த ஆறு ஏக்கர் சில ஆண்டுகளாகவே நோய்ப்பட்டுக் கிடந்தது. மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் தேங்கும்; வெயில் அடித்தால் நான்கே நாளில் பயிர் வாடும். அந்தக் கோடையில் பத்து ஏக்கரிலும் சேர்த்துப் பதினான்கு குழிகள் தோண்டினேன். கீழ்ப்புறத்தில் முக்கால் அடிக்குக் கீழே மண் செங்கல்லைப் போல இறுகிப்போயிருந்தது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுது, அதன்மேல் கனமான வண்டியை ஓட்டியதால் வந்த இறுக்கம் அது. செடியின் வேர் அதுவரை இறங்கி, மடக்கிய முழங்காலைப் போல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஆழமாக உழுது அந்த இறுகிய தட்டை உடைத்தால் வேர் இறங்கும், நீரும் இறங்கும்.

மேற்புறத்து நான்கு ஏக்கரின் கதை வேறு. அங்கே கறுப்பு மண் ஒரு சாண் கனம்தான். அதற்குக் கீழே உப்புப் பூத்த வெள்ளைக் களி. அண்ணன் புதிதாக வாங்கியிருந்த பெரிய கலப்பையோ மண்ணைக் கீறிவிட்டுப் போவதன்று. அடியைப் புரட்டி மேலே போடுவது. கீழ்ப்புறத்துக்கு அது மருந்து, மேற்புறத்துக்கு நஞ்சு. ‘கீழ்ப்புறம் ஒன்றேகால் அடி, மேற்புறம் நான்கு அங்குலத்துக்கு மேல் கூடாது’ என்று எழுதி, நாள் குறித்து, கையொப்பமிட்டேன். அது என் குறிப்புக்கு. அண்ணனிடம் ஒன்றேகால் அடி என்று மட்டும் சொன்னேன்; எங்கே நிறுத்துவது என்பதைக் குச்சி சொல்லும். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இரண்டு மண்ணும் சந்திக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய இருபத்திரண்டு குச்சிகளை நட்டுவிட்டு, மறுநாள் பிற்பகல், மண் மாதிரிகளோடு பரிசோதனைக் கூடம் இருக்கும் நகரத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அண்ணி அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணன் நாற்பத்தாறு வயதில் மணந்தவர், கடைத்தெருவில் வளர்ந்தவர். குழிகள் மூடப்பட்டுவிட்டதைப் பார்த்து, என் வேலை முடிந்தது என்று எண்ணினார். அன்று மாலையே குச்சிகளைப் பிடுங்கித் தக்காளிச் செடிகளுக்கு ஊன்றுகோலாக நட்டார். மறுநாள் காலையில் மேகம் கூடியது. ஈரம் பட்டால் அடித்தட்டு உடையாது, பிசைந்த மாவாகிவிடும் என்பதால் அண்ணன் அவசரமாக வயலில் இறங்கினார். எல்லையில் குச்சி இல்லை. பாப்பா முடிவை மாற்றிக்கொண்டாள் என்று நினைத்தார். மேற்கு வரப்பு வரை கொழுவைத் தூக்காமல் ஓட்டினார்.

மாலையில் பேருந்தை விட்டு இறங்கி வந்தேன். மேற்புறம் சுண்ணாம்பு கொட்டியதைப் போல் கிடந்தது.

“என்ன அண்ணா செஞ்சிருக்க?”

“நீ சொன்னதத்தான்.”

“நான் குச்சி நட்டிருந்தேனே.”

“குச்சி எங்க? ஒண்ணக் காட்டு பாக்கலாம்.”

தோட்டத்தில் சிவப்புத் துணிகள் ஆடிக்கொண்டிருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அண்ணியும் நான் பார்த்ததைப் பார்த்திருந்தார். கிணற்றடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குச் சத்தியமா தெரியாதும்மா. இப்பத்தான் துணிய அவுத்து எரிச்சுட்டேன். அவர்கிட்ட சொல்லிடாத. வந்து எட்டு மாசம் ஆகல, அதுக்குள்ள நாலு ஏக்கர அழிச்சவன்னு பேரு வேண்டாம்.” சரி என்றேன்.

அதனால் அண்ணனிடம் தாளை மட்டும் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுதுறதுக்கு என்ன? இன்னிக்கு எழுதிட்டு நேத்துத் தேதியப் போட்டா யாருக்குத் தெரியும்?”

நிலம் போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அதற்குப் பின் தேநீர்க் கடையில், “தங்கச்சி படிச்ச படிப்பு நாலு ஏக்கரத் தின்னுடுச்சு” என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தங்கள் வயலைப் பார்க்க என்னை அழைத்துக்கொண்டிருந்த ஒன்பது குடும்பங்களில் எட்டு அழைப்பதை நிறுத்திவிட்டன.

அந்தப் பருவத்தில் கீழ்ப்புறம் எல்லோர் வாயையும் அடைத்தது. மூன்று வாரம் மழையில்லாதபோதும் பயிர் நிமிர்ந்து நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் என் முழங்கைவரை நீண்டது. மேற்புறத்தில் விதை முளைக்கவில்லை. களி காய்ந்து ஓடாகி, முளையை உள்ளேயே நெரித்துவிட்டது. ஒரே நாள், ஒரே கலப்பை, ஒரே ஆள். ஆழ உழவு நல்லதா கெட்டதா என்று இன்றும் கேட்பவர்களுக்கு நான் அந்த இரண்டு வயல்களையும்தான் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகள் அவர் என்னோடு பேசவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு. பேச வேண்டியதை அண்ணி வழியாகப் பேசுவார்.

“உள்ள இருக்கிற விஞ்ஞானிகிட்டச் சொல்லு, மோட்டார் ஓடிட்டே இருக்குன்னு.”

“வெளியில நிக்கிறவர்கிட்டச் சொல்லுங்க அண்ணி, எனக்குக் காது கேக்கும்னு.”

“நான் என்ன ரெண்டு நாட்டுக்கும் தூதரா? ஆளுக்கொரு வாய் இருக்கில்ல?” என்று அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போவார். பிறகு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்து சாப்பிடுவோம். அந்த நேரங்களில் அவர் ஒரே ஒரு முறை ‘பாப்பா’ என்றால் போதும், அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டு. காலையில் டிராக்டர் கிளம்பும் ஓசை கேட்டால், எத்தனை அங்குலம் என்று மனம் தானாகவே கேட்கும். யாரிடம் கேட்பது?

மேற்புறத்தை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். உப்பை இறக்க ஜிப்சம் போட்டேன், பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மண்ணோடு மடக்கினேன், மேலாகக் கிளறினேன். நான்காம் ஆண்டு ஒரு கால் ஏக்கரில் புல் முளைத்தது. அது முளைத்த தேதியையும் எழுதி வைத்தேன்.

அண்ணி சொன்னது அந்த வாரத்தில்தான். பகல் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்திருந்தோம். புல் முளைத்திருப்பதை நான் சொல்ல, அண்ணன் அண்ணியைப் பார்த்து, “தப்பு செஞ்சவங்கதானே சரி பண்ணணும்” என்றார். அண்ணி தட்டை நகர்த்தி வைத்தார்.

“குச்சியப் பிடுங்கினது நான். தக்காளிக்கு. இவ அன்னிக்கே பாத்துட்டா. நான்தான் வாயக் கட்டினேன்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். கை கழுவினார். என்னிடம் வந்து நின்றார். பிறகு தொழுவத்துக்குப் போய் டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு, இறுகியே இருந்த திருகுகளைப் பொழுது சாயும்வரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் பேசாதவரோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம். வெட்கத்தில் பேசாதவரோடு இருப்பது கடினம். நான் அறைக்குள் வந்தால் அவர் வெளியே போவார். தூரத்து மாவட்டங்களில் ஆழ உழவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்தக்காரர் அந்த மாதம் வந்தார். அதுவரை அப்படி அழைத்தவர்களையெல்லாம் விரட்டிவிட்ட என் அண்ணன், இம்முறை கலப்பையோடு கிளம்பிவிட்டார். வாசலில் அண்ணியிடம் மட்டும், “ரெண்டு பேரும் பாத்துக்கங்க” என்றார். வண்டி திரும்பும் வரை நின்றேன். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

பதினேழு நாள் கழித்து என் கைப்பேசி ஒலித்தது, திரையில் அண்ணனின் எண். அண்ணியிடம் பேசத்தான் அழைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அழைத்திருந்தது என்னை.

நலமா என்று கேட்கவில்லை. “இங்க ஒரு வயலு. மேல செம்மண்ணு. ஒரு அடிக்குக் கீழ சாம்பல் கலரா வருது. பொரட்டலாமா?”

“கையில எடுத்து உருட்டிப் பாரு அண்ணா. கயிறா வருதா, உதிருதா?”

“கயிறா வருது.”

“அப்ப அது களி. பொரட்டாத. உளிக் கலப்பை கேளு. கீறிவிட்டாப் போதும்.”

“ம்.” துண்டித்துவிட்டார்.

அவர் போய் இது இரண்டாவது பருவம். இதுவரை இருபத்தாறு அழைப்புகள். எல்லாமே மண்ணைப் பற்றித்தான். என் சொல்லைக் கேட்டு மூன்று வயல்களை உழ மறுத்திருக்கிறார். அதில் ஒன்றில் ஒப்பந்தக்காரரோடு சண்டை. “எங்க வீட்ல ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்க” என்றாராம். இதை அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி என்னிடம் சொன்னார்.

நேற்றுக் காலையும் அழைத்தார். எப்போது வருவாய் என்று கேட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

“நேத்து மழ. எறங்கலாமா?” என்றார்.

“அடியில ஈரமா இருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டு நாள் காயட்டும்.”

“சரி.”

கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. இயந்திரம் அணைந்திருந்தது. அங்கே காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

“வேற என்ன, பாப்பா?” என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.