மண்டைக்காரரும் பிளாஸ்டிக் உருண்டையும்

அவர் வேன் ஓட்டுநர். ஆனால் கூட வேலை செய்பவர்களுக்கு அவர் மண்டைக்காரர். பட்டம் சும்மா வரவில்லை. மூளையைப் படம் எடுக்கும் சின்ன ஸ்கேன் இயந்திரம் ஒன்றை வேனில் ஏற்றிச் சிறிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. காந்தம் வலுக் குறைந்தது. சாதாரண பிளக்கில் மாட்டினாலே ஓடும். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்தபிறகு அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்கு, போகிற இடத்திலெல்லாம் முதலில் அவர் தலையைத்தான் உள்ளே விடுவார்கள். போன தடவை வந்த படம்போலவே வந்தால் இயந்திரம் சரி.

இதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மரக்கட்டையாய்க் கிடப்பார். இருமல் வந்தாலும் விழுங்கிவிடுவார். மனைவிக்குத்தான் கிண்டல்: “இத்தனை தடவை தேடியும் உள்ளே ஒண்ணும் அகப்படலையாக்கும்!”

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெட்டி ஒன்று வந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை, தலையளவு. இனி ஓட்டுநர் படுக்க வேண்டாம், இதை வைத்தால் போதும் என்று உத்தரவு. மண்டைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று.

“என்னம்மா இது, எனக்குச் சக்களத்தியா?” என்று ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் கேட்டார்.

“உத்தரவுண்ணே. வச்சுத்தான் பார்ப்போமே.”

முதல் படம் பளிச்சென்று வந்தது. உருண்டைக்கு இருமலா, தும்மலா! நம் பிழைப்பில் மண் விழுந்தது என்று அவர் வாசல்பக்கம் நகர்ந்தார்.

“இருங்கண்ணே, பாதைப் படம் இன்னும் வரல.”

மூளையின் வெள்ளைப் பகுதியில் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. அவற்றை ஒட்டி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துத்தான் பாதைகளை வரைவார்கள். அவர் தலையென்றால் திரையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல்கள் விரியும். உருண்டைக்குள் நீர் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலத்தான் நகரும். திரையில் வெறும் புள்ளிகள்.

அவள் அங்கேயே அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“சார், படம் வெளிச்சமா வருதான்னு பார்க்க உருண்டை போதும். பாதை சரியா வருதான்னு பார்க்க எங்கண்ணன் தலைதான் வேணும். இதுக்குள்ள வெறும் தண்ணி சார். அவர் தலையில விஷயம் இருக்கு.”

சரி, பழையபடியே செய்யுங்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

சாவியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு மண்டைக்காரர் ஏறிப் படுத்தார். இயந்திரம் மெதுவாக முனக ஆரம்பித்தது. விஷயம் இருக்காமே! உதட்டைக் கடித்தார். வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கடைசியில் தலையும் குலுங்கியது.

“அண்ணே, சிரிக்காதீங்க! படம் பூரா கலங்குது!”

மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன?