ரோஸிக்கு ஆகாத வெயில்

இங்கே நெதர்லாந்தில் வெயில் எட்டிப்பார்த்தால் போதும், எங்கள் ஆய்வகமே காலியாகிவிடும். எல்லோரும் புல்வெளியில் மல்லாந்துவிடுவார்கள். நான் மட்டும் சுவரோர நிழலில் நிற்பேன். "கறுத்துவிடுவோம் என்று பயமா?" என்று சிரித்தாள், உடன் வேலை செய்யும் லோட்டெ. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. என் தங்கை ரோஸிக்கு இரண்டு வயதிலேயே முகமெல்லாம் புள்ளிகள். வெளிச்சம் பட்டால் கண்ணில் நீர் கொட்டும். வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அம்மா ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து அவளை வளர்த்தாள். சுனாமிக்கு அடுத்த வருடம், மாதா கோயில் திருவிழாவன்று, ஏழு வயது ரோஸி என் கையைப் பிடித்தாள். "அக்கா, தேரு பாக்க என்னையும் கூட்டிட்டுப் போவியா? ஒருக்கா மட்டும்." அம்மாவுக்குத் தெரியாமல் கூட்டிப்போனேன். உச்சிவெயிலில் தேருக்குப் பின்னால் ஆடிக்கொண்டே நடந்தாள். மூன்று வருடம் கழித்து, மூக்கோரம் வந்த கட்டி புற்றாகி அவளைக் கொண்டுபோயிற்று. ஒருநாள் வெயிலால் வந்ததல்ல என்றார் டாக்டர். எனக்கு அந்த ஒருநாள்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெயில் பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காயத்தைத் தேடும் புரதம் எழுத்துகளை வாசிப்பதில்லை. தொட்டு, விட்டு, கொஞ்சம் வழுக்கி, இரண்டு இழைகளின் பிடி எங்கே தளர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கிறது. கண்டதும், காயத்துக்கு எதிரே நலமாக இருக்கும் இழையைப் பற்றிக்கொண்டு நிற்கும். பிறகுதான் மற்ற நொதிகள் வந்து காயத்தை வெட்டியெடுக்கும். ரோஸிக்கு இந்தத் தேடும் புரதம்தான் இல்லை. வெட்டத் தெரிந்தவை எல்லாம் இருந்தன, இடத்தைக் காட்டத்தான் ஆளில்லை.

அந்தப் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. திரையில் அது ஒளிப்புள்ளியாக நகரும். சிலவேளை காயத்தின்மேல் போயும் நிற்காமல் கடந்துவிடும். "ஏட்டி, அங்கதான், நில்லு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். யாரைக் கூப்பிட்டாய் என்று லோட்டெ திரும்பிப் பார்க்கிறாள்.

போன மாதம் என் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டேன். அந்தப் புரதத்துக்கான மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு. ரோஸிக்கு இரண்டுமே பழுது. எனக்கு ஒன்று சரி, மற்றது பழுது. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் வராதும்மா. ஆனா அவளுக்கு இருந்ததுல பாதி எனக்கும் இருக்கு."

அம்மா கேட்டாள்:

"அப்போ அவ அங்க ஒனக்க கூடத்தான் இருக்காளா மக்கா?"

விளக்க வாயெடுத்து நிறுத்தினேன். "ஆமாம்மா."

"அப்போ ஊருக்கு வரும்போ, வெயிலு தாந்த பொறவு வந்து எறங்கு."

பொழுது சாய்ந்தபின் திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறேன்.