ஒருத்தரும் வெளியில போகாத விளையாட்டு

ஆரம்பப் பள்ளியில உடற்பயிற்சி படிப்பிக்கிறன் எண்டால் எங்கட சனத்துக்குச் சிரிப்பு. "விசில் ஊதவோ சம்பளம்?" எண்டு கேப்பினம். வந்து ஒரு கிழமை ஊதிப் பாக்கட்டுமன். பெப்ரவரிக் குளிருக்கு என்ர முழங்கால் ரெண்டும் குத்துது. பிள்ளையளில பாதிப்பேர் ஜிம் வாங்கில குந்தியிருக்குதுகள். வயித்துக்குத்தாம், தலையிடியாம், சப்பாத்தை மறந்திட்டினமாம். கத்திக் கத்தி அலுத்துப்போனன்.

அதில ஒரு பெட்டை, ஒன்பது வயசு. லொம்பொக் தீவில இருந்து எங்கட பள்ளி இருக்கிற கார்ட்டியர்வில்லுக்கு வந்த, சசாக் இனக் குடும்பம். செப்டம்பரில இருந்து வாங்கை விட்டு எழும்பவேயில்லை. பந்தைத் தவற விட்டால் மற்றவை சிரிப்பினம் எண்ட பயம். கெஞ்சியும் பாத்தன், ஏசியும் பாத்தன். கடைசியில தாயைக் கூப்பிட்டன்.

"வீட்டில எங்கட ஊர் விளையாட்டெல்லாம் நல்லா விளையாடுவா. நான் வந்து காட்டட்டோ?" எண்டா தாய், தட்டுத்தடுமாறின பிரெஞ்சில.

வியாழக்கிழமை வந்து, ஜிம் தரையில டேப்பால நீளக்கோடு ஒண்டும் குறுக்குக்கோடு நாலும் ஒட்டினா. பெட்டை தானா எழும்பிப் போய் டேப்பின்ர நுனியைப் பிடிச்சுது.

அதோட நான் வாயைப் பொத்தியிருக்கலாம். கோட்டைக் கண்டதும் உசார் வந்திட்டுது. "அட, இது எங்கட ஊர்க் கிளித்தட்டு விளையாட்டெல்லோ!" எங்கட ஆக்களுக்கு உலகத்தில எதைக் கண்டாலும் அது எங்கடதான். தாய் விளக்கம் சொல்ல முந்தியே நான் கட்சி பிரிச்சு, சட்டமும் சொல்லி முடிச்சிட்டன். கோட்டில நிக்கிறவர் தொட்டால் அவுட், வாங்கில போய் இருக்கோணும். புது விளையாட்டு எண்டோடன வாங்கில கிடந்ததுகள் முழுக்க ஓடி வந்திட்டுதுகள்.

முதல்ல அவுட்டானது அந்தப் பெட்டை. நான் பழக்கதோஷத்தில விசிலை ஊதி வாங்கைக் காட்டினன். போய் இருந்துது.

தாய் கிட்ட வந்து மெல்லமாச் சொன்னா: "எங்கட விளையாட்டில, தொட்டால் ரெண்டு பக்கமும் இடம் மாறும், மடாம். ஒருத்தரும் வெளியில போறேல்லை."

ஐயோ, நிலம் பிளந்து உள்ள போயிருக்கலாம் போல இருந்துது. உடன சட்டத்தை மாத்தி, மற்றவையை விளையாட விட்டிட்டு, பெட்டைக்கு முன்னால குந்தினன். "பிழை என்னிலதான். வா, பிள்ளை" எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டு தலையாட்டிப்போட்டு, குனிஞ்சு சப்பாத்துக் கயித்தை அவிழ்க்கத் தொடங்கிச்சுது.

அந்த நேரம் பாத்து பள்ளிக்கூட அதிபர் கதவால எட்டிப் பாத்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"பிராவோ! இண்டைக்கு வாங்கில ஒராள்தான்!"

"மெர்சி" எண்டு நன்றி சொன்னன்.