சேலைக்குள் ஒளித்த சரித்திரம்

மெட்ரோ ரயில் ஜான்-டலோன் நிலையத்தில் நிற்கிறது. தங்கச்சியின் மகள் நிலா நாளைய பரீட்சைக்குச் செக் நாட்டுச் சரித்திரத்தை எனக்குத் தமிழில் உரக்கச் சொல்லிப் படிக்கிறாள். ஹாப்ஸ்பேர்க் பேரரசரை எதிர்த்தவர்களின் தலைகளை வெட்டி, பிராக் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்களாம்.

சீருடை போட்ட ஒருவர் ஏறுகிறார். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவாரோ? புத்தகத்தைப் பறித்துச் சேலைக்குள் செருகுகிறேன். மன்னார்ச் சோதனைச்சாவடிகளில் பழகிய கை.

"பொன்ஜூர், மடம்," என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறார். அவர் அடுத்த பெட்டிப் பக்கம் நடக்கிறார்.

நிலா சிரிக்கிறாள். "பெரியம்மா, அந்த அரசர் செத்து நானூறு வருஷம் வருது."

"அரசர் செத்திட்டார், ஓம். உடுப்புக்காரர் சாகேல்லையே, பிள்ளை."

அவள் சிரிப்பு நிற்கிறது. கதவைப் பார்த்தபடி, மிச்சச் சரித்திரத்தை என் காதுக்குள் குசுகுசுவென்று சொல்கிறாள்.