ஈயம் என்று அவரே சொன்னார்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 2001 மாசியில் அப்பாவின் இடது காதுக்குக் கீழே கட்டி. உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள்.
2. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் சென்னை போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார்.
3. பதினோராம் நாள் வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்கவில்லை.
4. அந்த வாரம் நான் ஒரு தவறு செய்தேன்.

கடற்கரையோர அணு ஆராய்ச்சி வளாகத்தில் கதிர்வீச்சை அளப்பது என் வேலை. இதே வகைக் கட்டிக்குச் சில வெளிநாடுகளில் நியூட்ரான் கற்றை கொடுக்கிறார்கள், சாதாரணக் கதிருக்கு மசியாத கட்டியும் அதில் சுருங்குவதுண்டு என்று எங்கள் நூலகத்தில் படித்தேன். பின்விளைவுகள் கடுமை என்றும் அதே பக்கத்தில் இருந்தது. முதல் பாதியை மட்டும் வீட்டில் சொன்னேன்.

செய்யூர் சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். மகாபலிபுரம் சாலையில் ஒரு வீட்டில் நியூட்ரான் மெஷின் வைத்து வைத்தியம் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்தார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினார். இடைவெளி விட்டால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

எனக்குச் சந்தேகம். அப்படி ஒரு இயந்திரத்தை எப்படி வாங்கினார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள்? கேட்டதும் சித்தப்பா சீறினார்.

"டாக்டரையும் நம்ப மாட்டே, சாமியையும் நம்ப மாட்டே. எல்லாத்துக்கும் மீட்டர் வெச்சிப் பாத்துகினு இருப்பியா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுவரை நான் மனதாரக் கும்பிட்டதில்லை. ஆடிக் கிருத்திகையன்று திருப்போரூர் போனேன். கூட்டத்தில் முருகன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. "அந்த வைத்தியம் பொய்யாக இருந்தால் அது அந்த வைத்தியர் வாயாலேயே வரட்டும். எனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று மட்டும் வேண்டினேன்.

மறுநாள் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் அந்த மெஷின் வீட்டுக்குப் போனோம். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கும் முன்பே, பிளைவுட் கதவில் சாய்ந்தபடி அந்த வைத்தியர் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. சுத்தி ஈயத்தகடு அடிச்சிருக்கோம். ஒரு நியூட்ரான் வெளிய வராது."

ஈயம் எக்ஸ்ரேயைத் தடுக்கும். நியூட்ரான் அதைத் தாண்டிப் போகும். அதற்குத் தண்ணீர், மெழுகு, தடித்த கான்கிரீட் வேண்டும். எங்கள் வளாகத்தில் புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். இதுகூடத் தெரியாதவரிடம் அப்படி ஒரு இயந்திரம் இருக்க முடியாது; அந்த வீட்டில் நியூட்ரானே கிடையாது.

வெளியே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வீட்டில் மறைத்த மறுபாதியையும் சேர்த்து. சித்தப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அப்பா கேட்டார், "நாளைக்குக் காலைல பஸ் எத்தன மணிக்கு?"

இது என் படிப்பு செய்த வேலைதானே என்று பிறகு என்னையே சந்தேகித்தேன். ஆனால் என் தாளில் இருந்த ஒன்பது கேள்விகளில் ஒன்றுகூடச் சுவரைப் பற்றியது இல்லை. நான் கேட்காததற்குத்தான் பதில் வந்தது. வேண்டியபடியே, அவர் வாயாலேயே. அன்றிலிருந்து தினமும் கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாசல் திறந்தால், உள்ளே போகும் முன் முருகனிடம் கேளுங்கள். சந்தேகப்படுவது பாவம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதன் வழியாகவே அருள் வந்தது.

இப்போது 2003. மீதிக் கதிர்வீச்சை அப்பா முழுதாக முடித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கடைசி முறை வரை கட்டி தெரியவில்லை. வாய் இன்னும் உலர்கிறது. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன்.