கையை எடுத்தால் கேட்கும் இரைச்சல்

உள்ளறையிலிருந்து அந்த இரைச்சல் மறுபடி கிளம்பியது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி, விடாமல், ஒரே சுதியில். அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. கணவர் கையை எடுத்துவிட்டார்.

"கையை வைங்க," என்றாள் அங்கிருந்தே.

"மூக்கு அரிச்சுது."

"இன்னொரு கை இருக்குல்ல?"

இரைச்சல் அடங்கியது.

கணவர், அவள், ஒரு சின்ன மகள் என்றிருந்த அந்த வீட்டில் இது பழகிப்போன பேச்சு. அவள் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பவள். கண்ணால் படிக்க நேரமில்லாதவர்கள் காதில் மாட்டிக் கேட்பதற்காக ஒரு நிறுவனம் வெளியிடும் புத்தகங்கள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரு பழைய லேப்டாப்பில் மாட்டியிருக்கும். அதன் பேட்டரி உப்பிப்போய், கடைக்காரர் கழற்றிப் போட்டுவிட்டார். அந்த மாடலுக்குப் புது பேட்டரி இப்போது வருவதில்லை. ஆகவே சார்ஜரை மாட்டித்தான் ஓட்ட வேண்டும். மாட்டினால் இரைச்சல். அவள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அந்த வண்டு உட்கார்ந்துகொள்ளும்.

அதை அடக்க அவள் செய்யாதது இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை வழிய வாசித்தாள். மைக் மாற்றினாள், மைக் ஒயர் மாற்றினாள், சார்ஜர் மாற்றினாள். ஒருநாள் தற்செயலாகக் கணவர் லேப்டாப்பின் உலோக மூடியில் கையை ஊன்றியபோது இரைச்சல் பாதியாகக் குறைந்தது. செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு தரையில் ஊன்றினால் இன்னும் குறைந்தது. அன்றிலிருந்து அவர் துணிக்கடை வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோல லேப்டாப்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாள் பூராவும் நின்றே வேலை செய்கிற மனிதர். வீட்டிலும் இப்படி ஒரு வேலை. முணுமுணுத்ததே இல்லை. "சுருக் சுருக்குன்னு இருக்கு, அவ்வளவுதான். பழகிடுச்சு," என்பார். எப்பேர்ப்பட்ட புருஷன் என்று அவள் பலமுறை கண் கலங்கியிருக்கிறாள்.

போன் அடித்தது. நிறுவனத்தில் ஒலியைச் சுத்தம் செய்பவர். எல்லாரும் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேடம், பதினோராவது அத்தியாயம் கேட்டேன். தாயார் சாகுற இடத்துல நீங்க குரலை இறக்குறீங்க பாருங்க, எனக்கே தொண்டை அடைச்சுது. ஆனா அந்த அமைதியில உங்க குரலுக்கு அடியில ஒருத்தன் மாவு அரைக்கிறான்."

"கை வச்சுத்தான் எடுத்தோம்."

"கை வச்சாலும் கேக்குது. இன்னொருத்தர் கையை நம்பி எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? ஒண்ணு செய்யுங்க. லேப்டாப்பை வேற வீட்டுல கொண்டுபோய் மாட்டிப் பாருங்க. அங்கேயும் கத்துச்சுன்னா கோளாறு பெட்டியில. கத்தலைன்னா உங்க வீட்டுல." கொஞ்சம் தயங்கினார். "புதன்கிழமைக்குள்ள சுத்தமா ஒரு அத்தியாயம் வரலைன்னா புத்தகத்தை வேற குரலுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. என் கையில இல்லை மேடம்."

 அந்தப் புத்தகம் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் போன் எடுத்தவள் அவள். எதிர்முனையில் எவன் எவ்வளவு கேவலமாகப் பேசினாலும், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தேன் தடவிச் சொல்ல வேண்டும். குரலில் துளி கோபம் தெரிந்தால் அன்றைய மதிப்பெண் போச்சு. அடுத்தவர் கோபத்தை வாங்கி வாங்கித் தன் கோபத்தை விழுங்கியே அவள் இளமை கழிந்தது. பிறகு அந்த நாற்காலியில் ஓர் இயந்திரக் குரலை உட்கார வைத்துவிட்டு அவளை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவளுக்கு இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக அழவும் சபிக்கவும் சத்தம் போடவும் அனுமதி கிடைத்தது. அது கையைவிட்டுப் போனால் மறுபடி அந்த விழுங்குகிற வாழ்க்கைதான்.

லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?" என்றார் கணவர்.

"கீழதான். அக்கா வீட்டுல மாட்டிப் பாக்கறேன்."

"கீழ எதுக்கு? ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல இருப்பாரு. எதிர் வீட்டுல கேளேன்."

"படி இறங்கினா அக்கா வீடு. ரோட்டைத் தாண்டி எதுக்குப் போகணும்?"

 அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் அவள் அதைக் கவனித்தாளே தவிர யோசிக்கவில்லை.

கீழ்வீட்டில் கணவரின் அண்ணன் குடும்பம். பெரியவர் என்று வீட்டில் சொல்லும் அந்த அண்ணன் எலக்ட்ரீஷியன். அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேலே புதிதாக எழுப்பியது தம்பிக்கு. மேல்தளத்துக்கு ஒயரிங் முழுக்கப் பெரியவரே செய்தார். கூலி வாங்கவில்லை. அதை எந்த விசேஷத்திலும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லாமல் விட்டதுமில்லை. அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். இரைச்சலைப் பற்றி எப்போது சொன்னாலும், "ரேடியோன்னா கரகரங்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். கணவரும் கூடச் சிரிப்பார்.

பெரியவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியான அக்கா அடுப்படி மேடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். "இங்க மாட்டு. உங்க மாமா ஒயரிங்ல கொசு கத்துற சத்தம்கூட வராது," என்றாள், நறுக்கிக்கொண்டே.

அவள் சார்ஜரை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தாள்.

ஒன்றுமில்லை. கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தன் மூச்சு கேட்டது. லேப்டாப்பில் கை வைத்தாள், எடுத்தாள். எந்த மாற்றமும் இல்லை. சுருக்கென்றும் இல்லை. வழவழவென்று, சாதுவாக இருந்தது அந்த உலோகம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோளாறு பெட்டியில் இல்லை, அவள் குரலிலும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு இடித்தது. ஒரே வீடு. ஒரே மீட்டர். ஒயரிங் செய்ததும் ஒரே கை. கீழே இருக்கும் இந்த அமைதி மேலே ஏன் இல்லை?

"அக்கா, மாமா குளிச்சதும் கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே திரும்பினாள்.

பெரியவர் தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு படியேறி வந்தார். எப்போதும்போல ரப்பர் செருப்போடு உள்ளே வந்தார். தம்பி வீடு தன் வீடு என்பது அவர் கணக்கு. காலையில் அவள் துடைத்த தரையில் செருப்புத் தடம் வரிசையாக விழுந்தது.

"என்ன ரேடியோ, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?"

அவள் சார்ஜரை மாட்டி ஸ்பீக்கரைத் திருகினாள். வண்டு அறை முழுக்கக் கத்தியது.

பெரியவர் டெஸ்டரை பிளக் ஓட்டையில் நுழைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "எரியுதா? கரண்ட் வருதுல்ல? வேற என்ன வேணும்? பெட்டி பழசும்மா. தூக்கிப் போடு."

"இதே பெட்டி கீழ உங்க அடுப்படியில கத்தலை மாமா."

பெரியவரின் கை டெஸ்டரோடு அப்படியே நின்றது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார்.

"கீழ வேற லைன்," என்றார் பெரியவர். "உனக்குச் சொன்னா புரியாது."

"தொட்டா சுருக்குங்குது மாமா."

"மனப்பிரமை." அவர் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். ஜோசியம் சொல்பவர்போல நிதானமாக அவளைப் பார்த்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வைங்க மாமா."

"எதுக்கு?"

"சும்மா."

 கழற்ற மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கழற்றினார். ஈரம் முழுதும் காயாத தரையில் பாதம் பட்டது. கை வைத்தார். தோள்பட்டை வரை ஒரு சிலிர்ப்பு ஓடியதை அவள் பார்த்தாள். கை தானாகவே விலகியது.

"லேசா இருக்கு," என்றார். "இது எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்."

"எங்க பொண்ணு இதைத் தொட்டுட்டு 'கடிக்குதும்மா'ன்னு அழுதா. லேசாத்தான் மாமா. லேசாத்தான் கடிச்சுதாம்."

"இப்ப என்ன, நான் சரியாச் செய்யலைங்கறியா? கூலி வாங்காம, சாப்பாட்டு நேரம்கூடப் பாக்காம..."

"அண்ணே."

கணவரின் குரல். எப்போதும் அண்ணன் முன்னால் அரைக்குரலில் பேசுகிறவர் முழுக்குரலில் பேசியதால் இருவரும் திரும்பினார்கள்.

"பிளக்ல அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னால ஒண்ணும் இல்லைண்ணே. கசியுற கரண்டை மண்ணுக்கு இறக்குற எர்த் ஒயரை மாடிப்படியோட நிறுத்திட்டீங்க. மேல இழுக்கவே இல்லை. அன்னிக்கு டார்ச் பிடிச்சது நான்தானே?"

பெரியவர் முகம் கறுத்தது. "ஒயர் பத்தலைடா. அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன். கீழ ஃபிரிட்ஜ் இருக்கு, துவைக்கிற மெஷின் இருக்கு. மேல உங்களுக்கு என்ன இருந்துச்சு? ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன். அதுக்கு எர்த் என்னத்துக்கு?"

அவள் அந்தப் பதிலைக் கேட்கவேயில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட புருஷன். இத்தனை நாள் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அவளுக்காக இல்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்து, அந்த வார்த்தைக்குப் பதிலாகக் கையைக் கொடுத்திருக்கிறார்.

"பிள்ளை கடிக்குதுன்னு அழுதப்ப, பொய் சொல்லாதேன்னு அவளை அதட்டினது யாருங்க?" என்றாள்.

அவர் தலை குனிந்தார். "நான்தான்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. எத்தனையோ முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் விழுங்கிய தொண்டை அது. இதை விழுங்க அதற்கு முடியவில்லை.

கணவர் போனை எடுத்தார்.  பெரியவரிடம் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சண்டை போட்டுப் பிரிந்துபோய் அடுத்த தெருவிலேயே கடை வைத்த ஆளின் நம்பரை அழுத்தினார். "தம்பி, மாடிக்கு எர்த் இழுக்கணும். ஆமா, புதுசா. இன்னிக்கே வர முடியுமா?"

"அவனையா?" பெரியவர் குரல் கிறீச்சிட்டது. "என் வேலைக்கு மேல அவன் வந்து கை வைக்கறதா? தெருவே பாக்குமே. நாளைக்கு நானே இழுத்துத் தரேன்டா. போனை வை."

"அப்புறம்னு சொன்ன ஒயரே இன்னும் வரலைண்ணே."

"அப்ப இனிமே இந்தப் படியில என் கால் படாது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு அண்ணனை விட்டுட்டேன்னு நாளைக்கு அழாதே." அவர் அவளைப் பார்த்தார். அவள் கத்துவாள், அழுவாள், அதைச் சாக்காக வைத்துப் பேச்சைத் திருப்பிவிடலாம் என்று காத்திருந்தார்.

அவள் கத்தவில்லை. பல வருஷம் பழகிய அந்தக் குரலை எடுத்தாள். தேன் தடவிய, ஒரு சுருக்கமும் இல்லாத குரல்.

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மாமா. வேற ஏதாவது உதவி வேணுமா?"

அந்தக் குரலின் அடியில் என்ன இருந்தது என்பது அவருக்குப் புரிந்தது. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு வாசலைத் தாண்டினார்.

"எதுக்கும்மா, அண்ணன் மனசு..." என்று ஆரம்பித்த கணவர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். பழக்க தோஷத்தில் உள்ளறையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க?"

"சத்தம் கேக்குதே. கை வைக்கலாம்னு..."

"வைக்க வேண்டாம். கத்தட்டும். வர்ற ஆளும் கேக்கட்டும்."

அவர் அங்கேயே நின்றார். படியில் பெரியவர் இறங்கும் சத்தம் கேட்டு முடிந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.